ரத்தத்துல போற சேதி: பொலிகாளை, கிடா ஹார்மோன் பத்தி வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழ்ல பொலிகாளை பராமரிப்பு பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதம், மெசேஜ் எல்லாத்துலயும் நிறைய பேர் ஹார்மோன் ஊசியைத்தான் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுக்க ஆண் மாடு, கிடா, ஆண் பன்றி பத்தின கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன். சில பேர் பேர் போட வேண்டாம்னு கேட்டதால யார் பேரையும் போடல.

கேள்வி: டாக்டர், எங்க பொலிகாளைக்கு அஞ்சு வயசு. ரெண்டு மாசமா பருவத்துல இருக்கிற மாட்டுப் பக்கத்துல விட்டா மோந்து பாக்குது, உதட்டைத் தூக்குது, ஆனா ஏற மாட்டேங்குது. தெரிஞ்சவர் ஒருத்தர் டெஸ்டோஸ்டீரான்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசி வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு போட்டா பழையபடி ஆயிடும்னு சொல்றாரு. போடலாமா?

பதில்: போடாதீங்க ஐயா. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த ஒரு விஷயம் புரிஞ்சா இந்தப் பக்கத்துல இருக்கிற மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் கிடைச்ச மாதிரி.

மூளைக்கு அடியில ஹைபோதலாமஸ்னு ஒரு சின்ன இடம் இருக்கு. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச்.னு ஒரு ஹார்மோன் விட்டு விட்டு வெளிய வருது. இது உடம்பெல்லாம் சுத்தப் போறது இல்ல, ஹைபோதலாமஸுக்கும் அதுக்குக் கீழ தொங்குற பிட்யூட்டரிங்கிற சுரப்பிக்கும் நடுவுல மட்டும் ஓடுற தனி ரத்தக்குழாய் இருக்கு, அது வழியா நேரா பிட்யூட்டரிக்குப் போய்ச் சேர்ந்துடும். ரொம்பக் கொஞ்சமா வர்ற ஹார்மோன், சில நிமிஷத்துலயே சிதைஞ்சும் போயிடும், அதனாலதான் அதுக்குன்னு ஒரு குறுக்கு வழி. பிட்யூட்டரி அதைப் பாத்ததும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்.னு ரெண்டு ஹார்மோனை பொது ரத்தத்துல விடுது, இது ரெண்டும் இதயம் வழியா சுத்தி விதைக்கு வருது. எல்.எச். போய் ஒட்டுறது லெய்டிக் செல்லுல, அந்த செல்தான் டெஸ்டோஸ்டீரானைச் செய்யுது. எஃப்.எஸ்.எச். போறது செர்டோலி செல்லுக்கு, வளர்ற விந்தணுவை தன் பக்கவாட்டுல ஒட்டி வச்சுக்கிட்டு அதுக்கு வேணுங்கிறதெல்லாம் ஊட்டி வளர்க்கிறது இந்த செல்தான்.

இப்ப திரும்பிப் போற பாதையைப் பாருங்க. விதையில உண்டான டெஸ்டோஸ்டீரான் ரத்தத்துல ஏறி மறுபடி மூளைக்குப் போகுது, போய் "போதும், இங்க நிறைய இருக்கு"ன்னு ஹைபோதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குது. செர்டோலி செல் தன் பங்குக்கு இன்ஹிபின்னு ஒரு ஹார்மோனை அனுப்பி எஃப்.எஸ்.எச்.ஐ மட்டும் குறைக்குது. தொட்டி நிரம்பினதும் மோட்டாரை நிறுத்துற மிதவை இருக்குல்ல, அதே வேலை.

நீங்க வெளிய இருந்து ஊசியில டெஸ்டோஸ்டீரான் ஏத்தினா என்ன ஆகும்? மூளைக்கு அது ஊசியில வந்ததா விதையில இருந்து வந்ததான்னு தெரியாது. ரத்தத்துல நிறைய இருக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும், உடனே எல்.எச்.ஐக் குறைச்சிடும். எல்.எச். இல்லேன்னா லெய்டிக் செல் சும்மா உக்காந்துடும். விந்தணு வளரணும்னா விதைக்குள்ள டெஸ்டோஸ்டீரான் வெளி ரத்தத்துல இருக்கிறதை விட பல பத்து மடங்கு அதிகமா இருக்கணும், அந்த அளவை எந்த ஊசியும் வெளிய இருந்து கொண்டு வந்து கொடுக்க முடியாது, அங்கேயே உண்டானாத்தான் உண்டு. ஆக ஊசி போட்டா ரத்தத்துல டெஸ்டோஸ்டீரான் ஏறும், விதைக்குள்ள இறங்கும், காளை ஒருவேளை ரெண்டு தடவை வேகமா ஏறலாம், ஆனா உள்ள விந்தணு உற்பத்தி சத்தமில்லாம குறைஞ்சுக்கிட்டே வரும்.

இதை நான் கண்ணால பாத்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு காளையைக் கொண்டு வந்தாங்க, நல்ல உடம்பு, நல்ல வேகம், ஆனா விட்ட மாடு எதுவும் சினை பிடிக்கல. செயற்கை யோனியில விந்து எடுத்தேன். எப்பவும் கெட்டியா பால் மாதிரி, சில சமயம் க்ரீம் மாதிரி வர்ற விந்து அன்னைக்கு கஞ்சித் தெளிவு மாதிரி வந்துச்சு, குழாயைத் தூக்கிப் பிடிச்சா பின்னாடி இருக்கிற என் விரல் தெரியுது. மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா காலியான ஸ்லைடு மாதிரி, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. விதையைக் கையில பிடிச்சா கெட்டித்தன்மையே இல்ல, தொளதொளன்னு இருக்கு. கேட்டுக் கேட்டு கடைசியிலதான் சொன்னாங்க, மூணு மாசமா யாரோ ஊசி போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஊசியை நிறுத்தினதும் மறுநாளே சரியாகல, மாசக்கணக்கா காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அந்த வீட்டுக்காரர் அந்த சீசன் முழுக்க இழந்தாரு, அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கல.

உங்க காளைக்கு வர்றேன். மோந்து பாக்குது, உதட்டைத் தூக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா ஆசை இருக்கு, ஹார்மோன் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏறாம இருக்கிறதுக்கு பெரும்பாலும் வலிதான் காரணம். பின்னங்கால் குளம்பைத் தூக்கிப் பாருங்க, முட்டி வீங்கியிருக்கான்னு பாருங்க, முதுகைத் தடவினா நெளியுதான்னு பாருங்க, உறுப்புல காயமோ ஒட்டலோ இருக்கான்னு டாக்டரை விட்டு வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. உடம்பு ரொம்பப் பெருத்துடுச்சான்னும் கவனிங்க. பொலிகாளையில டெஸ்டோஸ்டீரான் ஒரு குறைஞ்சபட்ச அளவுக்கு மேல இருந்தாப் போதும், அதுக்கு மேல எவ்வளவு ஏத்தினாலும் ஆர்வம் அதுக்கேத்த மாதிரி ஏறுறது இல்ல.

கேள்வி: ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டீரான் டெஸ்ட் பண்ணோம் சார், ரொம்பக் குறைவுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. காளையைக் கழிச்சிடலாமா?

பதில்: ஒரே ஒரு ரத்த மாதிரியை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஜி.என்.ஆர்.எச். விட்டு விட்டு வருதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஏத்த மாதிரி எல்.எச்.சும் ஒரு அலை, அப்புறம் அமைதி, சில மணி நேரம் கழிச்சு இன்னொரு அலைன்னு வரும். ஒவ்வொரு எல்.எச். அலைக்குப் பின்னாடியும் அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துல டெஸ்டோஸ்டீரான் மேல போகும், அப்புறம் இறங்கிடும். ஆரோக்கியமான காளையிலயே ஒரே நாள்ல ஒரு மில்லி ரத்தத்துக்கு 1 நானோகிராமுக்குக் கீழயும் இருக்கும், 10 நானோகிராமுக்கு மேலயும் போகும். நீங்க ஊசி குத்தின நேரத்துல அது பள்ளத்துல இருந்திருக்கலாம்.

சரியா தெரிஞ்சுக்கணும்னா ஒரு வழி இருக்கு. ஜி.என்.ஆர்.எச். ஒரு டோஸ் போட்டுட்டு, போடுறதுக்கு முன்னாடி ஒரு ரத்தம், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஒரு ரத்தம் எடுத்துப் பாக்கிறது. பிட்யூட்டரியும் விதையும் ஒழுங்கா இருந்தா ரெண்டாவது மாதிரியில அளவு நல்லா ஏறியிருக்கும். ஏறலேன்னா அப்ப கவலைப்படலாம். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி விந்து எடுத்து மைக்ராஸ்கோப்ல பாருங்க, விதைப்பை சுத்தளவை டேப் வச்சு அளங்க, காளையைக் கழிக்கிறதா வேண்டாமான்னு அது ரெண்டுமே ரத்த ரிப்போர்ட்டை விட நல்லா சொல்லும்.

எவ்வளவு கொஞ்சமான பொருளைப் பத்திப் பேசுறோம்னு தெரியணும்னா ஒண்ணு சொல்றேன். 1935ல ஆம்ஸ்டர்டாம்ல எர்ன்ஸ்ட் லாக்கர் குழு முதல் முதல்ல டெஸ்டோஸ்டீரானைப் பிரிச்செடுத்தப்ப, கிட்டத்தட்ட 100 கிலோ காளை விதையில இருந்து கிடைச்சது 10 மில்லிகிராம். ஜி.என்.ஆர்.எச்.ஐப் பிடிக்கிறது அதை விடக் கஷ்டமா இருந்துச்சு, ஆண்ட்ரூ ஷாலி குழு ஒரு லட்சத்துக்கும் மேல பன்றிகளோட ஹைபோதலாமஸைச் சேர்த்து அரைச்சுத்தான் 1971ல அதோட அமைப்பைச் சொன்னாங்க, வெறும் பத்து அமினோ அமிலம். அதே காலத்துல ரோஜே கில்மின் செம்மறி ஆட்டு மூளையை வச்சு அதையே செஞ்சாரு, ரெண்டு பேருக்கும் 1977ல நோபல் பரிசு. இன்னைக்கு நாம ஆயிரக்கணக்கான மாட்டுக்கு போடுற அந்த சின்ன ஊசிக்குப் பின்னாடி இவ்வளவு உழைப்பு இருக்கு.

கேள்வி: நாய்க்கு ஒரு மாத்திரை மாதிரி தோலுக்கு அடியில வச்சு மாசக்கணக்கா ஆசையை அடக்குறாங்களாமே, முட்டுற காளைக்கு அதை வைக்கலாமா?

பதில்: அது டெஸ்லோரெலின் இம்பிளாண்ட். ஜி.என்.ஆர்.எச். மாதிரியே ஒரு பொருளை நிறுத்தாம விட்டுக்கிட்டே இருக்கும், நாயோட பிட்யூட்டரி அதைத் தொடர்ந்து பாத்துப் பாத்து கடைசியில கண்டுக்காம விட்டுடும், டெஸ்டோஸ்டீரான் விழுந்துடும். காளையில அந்தக் கதை நடக்கல. எல்.எச். அலை அலையா வர்றது நிக்கும், ஆனா அடிமட்ட அளவு உயர்ந்தே இருக்கும், டெஸ்டோஸ்டீரான் குறையறதுக்குப் பதிலா கூடித்தான் போகும். முட்டுற காளைக்கு இதை வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு பிராணியில வேலை செஞ்ச மருந்தை இன்னொண்ணுக்கு அப்படியே எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

கேள்வி: விதை மட்டும் ஏன் டாக்டர் உடம்புக்கு வெளிய தொங்குது? குளிர்ச்சிக்காகன்னு சொல்றாங்க, ஆனா உள்ள போற ரத்தம் சூடாத்தானே இருக்கும்?

பதில்: நல்ல கேள்வி தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வியும் கூட. படிக்கிற காலத்துல ஒரு செம்மறிக் கிடாவோட விதை நாணை அறுத்துப் பாத்தேன், விதைக்கு மேல வயித்துப் பக்கம் போற அந்தத் தண்டு. மேல இருந்து பாத்தா சாதாரண சதைக் கூம்பு மாதிரி இருக்கும். குறுக்க வெட்டி உத்துப் பாத்தப்பதான் திகைச்சுப் போனேன், சின்னச் சின்ன ஓட்டையா நூத்துக்கணக்குல, தேன்கூட்டை வெட்டின மாதிரி. தடிச்ச சுவர் இருக்கிற வட்டம் எல்லாம் தமனி, அதைச் சுத்தி மெல்லிசா நசுங்கிக் கிடக்கிறது எல்லாம் சிரை. அத்தனை தமனி ஓட்டையும் வேற வேற குழாய் இல்ல, ஒரே குழாய் சுருண்டு சுருண்டு போறதைத்தான் நான் ஒவ்வொரு வளைவுலயும் வெட்டியிருக்கேன். அந்த ஒரு விரல் நீளத் தண்டுக்குள்ள சுருட்டி வச்ச தமனியை நீட்டிப் பிடிச்சா சில மீட்டர் வரும்.

இப்ப உங்க சந்தேகத்துக்கு வர்றேன். உள்ள போற ரத்தம் சூடு, விதைப்பையோட தோலுக்கு அடியில ஓடி வர்ற சிரை ரத்தம் குளிர்ச்சி. சிரை பின்னல் அந்தச் சுருள் தமனியை இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எதிர்த்திசையில மேல ஏறுது, ஏறும்போதே தமனியோட சூட்டை வாங்கிக்கிட்டுப் போயிடுது. அதனால ரத்தம் விதைக்கு வந்து சேரும்போது ஏற்கனவே ஆறிடுச்சு, காளையிலயும் கிடாவிலயும் விதை உடம்பை விட 4, 5 டிகிரி குறைவா இருக்கும். இதயத்துடிப்போட அந்தத் தள்ளலும் சுருள்ல சுத்தி சுத்தி தேய்ஞ்சு போயிடும், விதைக்குள்ள ரத்தம் துடிச்சுத் துடிச்சு வராம சீரா வருது.

ஹார்மோன் கதை இங்கேயும் உண்டு. விதையை விட்டு வெளிய வர்ற சிரை ரத்தத்துல டெஸ்டோஸ்டீரான் நிறைய இருக்கும், அதுல ஒரு பங்கு சிரை சுவரைத் தாண்டி ஒட்டிக்கிட்டு இருக்கிற தமனிக்குள்ள கசிஞ்சு மறுபடி விதைக்கே திரும்பி வருது. உண்டாக்கினதை எல்லாம் வெளிய அனுப்பிடாம ஒரு கை உள்ளேயே பிடிச்சு வச்சுக்கிற ஏற்பாடு இது.

இன்னொரு வழியும் இருக்கு. செர்டோலி செல் ஆண்ட்ரோஜனை, அதாவது டெஸ்டோஸ்டீரான் மாதிரி ஆண் ஹார்மோனை, பிடிச்சுக்கிற ஒரு புரதத்தைச் செஞ்சு விந்துக்குழாய்க்குள்ள ஊத்துது, டெஸ்டோஸ்டீரான் அந்தப் புரதத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டு விந்தணுவோடவே எபிடிடிமிஸுக்குப் போகுது. எபிடிடிமிஸ்ங்கிறது விதையை ஒட்டி இருக்கிற அந்த நீளமான சுருள் குழாய், விந்தணு நீந்தக் கத்துக்கிறது அங்கதான். அதோட தலைப்பகுதிக்கு ரத்தத்துல வர்ற ஹார்மோன் மட்டும் பத்தாது, இப்படி உள்வழியா வர்றதும் வேணும்.

காளையைக் கொழுக்க வைக்காதீங்கன்னு நாங்க சொல்றதுக்கு இதுதான் காரணம். விதைப்பையோட கழுத்துப் பக்கத்துல, அதாவது அந்தச் சுருள் இருக்கிற இடத்துல, கொழுப்பு சேர்ந்தா சூடு வெளிய போகாது. பாக்க கம்பீரமா இருக்கும், விந்து மோசமா இருக்கும்.

கேள்வி: நல்ல பொலிகாளைக்குப் பிறந்த ஆண் கன்னு ஒண்ணு வச்சிருக்கேன், மூணு மாசம் ஆகுது. ஒரு வயசுக்கு அப்புறம் நல்லா தீனி போட்டுத் தேத்திக்கலாம்னு இருக்கேன். சரிதானே அண்ணே?

பதில்: சரி இல்ல தம்பி, இப்பவே ஆரம்பிங்க, இன்னைக்கே. ஆண் கன்னுக்கு ரெண்டு மாசத்துல இருந்து அஞ்சு மாசத்துக்குள்ள எல்.எச். ஒரு தடவை நல்லா உயர்ந்து இறங்கும். வெளிய பாத்தா எதுவும் தெரியாது, கன்னு பாட்டுக்கு துள்ளிக்கிட்டு இருக்கும், ஆனா உள்ள விதையோட எதிர்காலம் எழுதப்படுற நேரம் அது. செர்டோலி செல் பெருகுறது ஆறு மாச வயசு வரைக்கும்தான், அதுக்கு அப்புறம் எண்ணிக்கை நின்னுடும், ஒவ்வொரு செல்லும் இத்தனை விந்தணுவைத்தான் வளர்க்க முடியும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்த ஆறு மாசத்துல பாலையும் தீனியையும் குறைச்சா ஹைபோதலாமஸ் அடங்கிடும், எல்.எச். அந்த உயரத்துக்கு வராது, விதை சிறுத்தே போயிடும், பருவத்துக்கு வர்றதும் தள்ளிப் போகும். பிறகு ஒரு வயசுல எவ்வளவு கொட்டினாலும் உடம்பு தேறும், விதை முழுசா தேறாது. நிறைய பேர் பெண் கன்னுக்கு பாலை விட்டுட்டு ஆண் கன்னுக்கு கையைச் சுருக்கிக்கிறாங்க, அதே கன்னைப் பின்னாடி பொலிகாளையா ஆக்கணும்னு ஆசையும் படுறாங்க, பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும்.

அளவு கேட்டீங்கன்னா, ஐரோப்பிய ரகங்கள்ல 15 மாசத்துக்குள்ள விதைப்பை சுத்தளவு 30 செ.மீ. இருக்கணும்னு பாப்பாங்க. திமில் இருக்கிற ரகங்கள் மெதுவா முதிரும், அதுங்களை இந்த அளவுகோல்ல வச்சு அவசரப்பட்டுக் கழிச்சிடாதீங்க.

கேள்வி: காயடிச்சு மூணு வாரம் ஆன வெள்ளாட்டுக் கிடா இன்னும் பெட்டை மேல ஏறுது. காயடிச்சது சரியில்லையா?

பதில்: உடனே அப்படி முடிவு பண்ண வேண்டாம்மா. விதையை எடுத்துட்டா ரத்தத்துல டெஸ்டோஸ்டீரான் ஒண்ணு ரெண்டு நாள்லயே அடிமட்டத்துக்கு வந்துடும். ஆனா ஏற்கனவே உண்டாகி குழாயில தேங்கி நிக்கிற விந்தணு கொஞ்ச நாள் இருக்கும், அதனால நாலுல இருந்து ஆறு வாரம் பெட்டை பக்கம் விடாம இருக்கிறது நல்லது. ஏறுற பழக்கம் வேற விஷயம், வயசு வந்து ஏறிப் பழகின கிடாவுக்கு மூளையில அந்தப் பழக்கம் பதிஞ்சு போயிருக்கும், மெதுவாத்தான் மறக்கும்.

கிடுக்கி வச்சு நசுக்கி காயடிச்சிருந்தா ஒண்ணு பாருங்க. விதை நாணுக்குள்ள இருக்கிற ரத்தக்குழாய் நசுங்கணும், அப்பதான் விதைக்கு ரத்தம் நின்னு அது சுருங்கிப் போகும். ஒரு பக்கம் நழுவிப் போயிருந்தா அந்த ஒரு விதை முழு வேலையும் பாக்கும். ஆறு வாரம் கழிச்சு ரெண்டு பக்கமும் கையால தடவுங்க, சின்னதா கெட்டியா சுருங்கியிருக்கணும், ஒண்ணு மட்டும் பழைய அளவுல மெத்துன்னு இருந்தா மறுபடி செய்யணும். இன்னொரு வாய்ப்பு, விதை ஒண்ணு பையில இறங்காம வயித்துக்குள்ளயே தங்கியிருக்கிறது. சூட்டுல இருக்கிறதால அதுல விந்தணு வளராது, ஆனா லெய்டிக் செல்லுக்கு அந்தச் சூடு ஒரு தடை இல்ல, டெஸ்டோஸ்டீரான் வந்துக்கிட்டே இருக்கும், வெளிய இருக்கிறதை எடுத்த பிறகும் கிடா கிடாவாவே நடந்துக்கும். இது பரம்பரையா வர்றது, ஒத்தை விதைக் கிடாவை எவ்வளவு அழகா இருந்தாலும் பொலிக்கு வைக்காதீங்க.

விதையில இருந்து ஏதோ ஒண்ணு ரத்தத்துலதான் போகுதுன்னு முதல்ல காட்டினது ஒரு சேவல் சோதனை. 1849ல ஜெர்மனியில கோட்டிங்கன்ல அர்னால்ட் பெர்த்தோல்டுன்னு ஒருத்தர், இளஞ்சேவலோட விதையை அறுத்து எடுத்துட்டு வயித்துக்குள்ள வேற இடத்துல ஒட்ட வச்சாரு. நரம்புத் தொடர்பு எதுவும் இல்ல, புது ரத்தக்குழாய் மட்டும் வளர்ந்துச்சு. அந்தச் சேவல் மத்த சேவல் மாதிரியே கொண்டை வளர்ந்து கூவிச்சு, சண்டை போட்டுச்சு, விதை இல்லாம விட்டதோ கொண்டை வெளுத்து சுருங்கிப் போச்சு. ஹார்மோன்ங்கிற சொல்லே அப்ப கிடையாது.

கேள்வி: எங்க மாடு ரெட்டைக் கன்னு போட்டிருக்கு, ஒண்ணு காளை ஒண்ணு கிடாரி. கிடாரி மலடாப் போயிடும்னு சொல்றது உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. பத்துல ஒன்பதுக்கு மேல மலடுதான். சாபமோ ராசியோ காரணம் இல்ல, ரத்த ஓட்டம்தான் காரணம். மாட்டுல ரெட்டைக் கன்னு வளரும்போது ரெண்டோட நஞ்சுக்கொடி ரத்தக்குழாயும் சீக்கிரமே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும், ரெண்டு கன்னும் ஒரே ரத்தத்தைப் பகிர்ந்துக்கும். ஆண் கன்னோட விதை முதல்ல உருவாகும், அதோட செர்டோலி செல் ஏ.எம்.எச்.னு ஒரு ஹார்மோன் விடும், கருப்பை ஆகப்போற குழாயைக் கரைக்கிறது அதோட வேலை. தன் உடம்புல அது செய்ய வேண்டிய வேலைதான், ஆனா ரத்தம் பொதுவாப் போனதால தங்கச்சி உடம்புலயும் போய் அதையே செஞ்சுடும். கருப்பை ஒழுங்கா வளராது, சினைப்பையும் வளராது. 1916ல சிகாகோவுல ஃபிராங்க் லில்லிங்கிறவர்தான் ரத்தக்குழாய் சேர்றதை வச்சு இதை விளக்கினாரு, அப்ப ஏ.எம்.எச். யாருக்கும் தெரியாது.

கன்னு பிறந்து சில வாரத்துல டாக்டர் ஒரு வழவழப்பான குழாயை வச்சு யோனி நீளத்தைப் பாப்பாரு, இந்த மாதிரி மலட்டுக் கிடாரியில சாதாரண கன்னுக்கு இருக்கிறதுல பாதி அளவுதான் உள்ள போகும். ரத்தத்துல ஆண் செல் கலந்திருக்கான்னு பாக்கிற டெஸ்டும் இருக்கு, அது இன்னும் உறுதி. ரெண்டு வருஷம் வளர்த்துட்டு ஏமாறுறதை விட இப்பவே பாத்துடுங்க. கூடப் பிறந்த காளை பொதுவா நல்லாத்தான் இருக்கும், ஆனா சிலதுல விந்துத் தரம் குறைவா இருக்கும், பொலிக்கு வைக்கிறதா இருந்தா விந்து பாத்துட்டு வைங்க. ஆட்டுல இந்தப் பயம் வேண்டாம், அதுல ரெட்டை சகஜம், ரத்தக்குழாய் சேர்றது அபூர்வம்.

கேள்வி: ஆண் பன்றி வாயில நுரை தள்ளுது, நாத்தம் தாங்கல. நோயா?

பதில்: பெட்டையைப் பாத்து நுரை தள்ளினா நோய் இல்ல, ஹார்மோன். ஆண் பன்றியோட விதை டெஸ்டோஸ்டீரானோட ஆண்ட்ரோஸ்டினோன்னு ஒரு வாசனைப் பொருளையும் செய்யுது, அது ரத்தத்துல போய் எச்சில் சுரப்பியில சேருது, நுரையோட வெளிய வருது. பருவத்துல இருக்கிற பெட்டை அந்த வாசனையை மோந்ததும் அசையாம நின்னு கொடுக்கும். அதே பொருள் கொழுப்புலயும் போய்ப் படியறதாலதான் காயடிக்காத பன்றிக் கறியில நாத்தம் வருது. ஜி.என்.ஆர்.எச்.க்கு எதிரா ரெண்டு தடவை தடுப்பூசி போட்டு இதை அடக்குற முறை 1998ல ஆஸ்திரேலியாவுல வந்துச்சு, உடம்பு தன்னோட ஜி.என்.ஆர்.எச்.ஐத் தானே பிடிச்சு முடக்கிடும். அந்த ஊசியைப் போடுறவங்க தன் கையில குத்திக்காம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், மனுஷனோட ஜி.என்.ஆர்.எச்.சும் அதேதான்.

கேள்வி: ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன்தானே, ஆண்ல இருந்தா கோளாறா?

பதில்: இல்லவே இல்ல. ஆண் குதிரையோட விதையும் ஆண் பன்றியோட விதையும் ஈஸ்ட்ரோஜனை ஏராளமாச் செய்யும். 1934ல பெர்ன்ஹார்ட் சோண்டெக் ஆண் குதிரை மூத்திரத்துல அது குவிஞ்சு கிடக்கிறதைக் காட்டினப்ப எல்லாரும் அசந்து போனாங்க. டெஸ்டோஸ்டீரானையே ஒரு என்ஸைம் ஈஸ்ட்ரோஜனா மாத்துது, மூளைக்கு "போதும்"னு சொல்ற வேலையில அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

கேள்வி: காளைக்கு அஞ்சு நாள் கடுமையான காய்ச்சல் இருந்து சரியாயிடுச்சு, இப்ப நல்லா மேயுது. எப்ப இருந்து மாட்டுக்கு விடலாம்?

பதில்: நல்லா மேயறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. காய்ச்சல்ல ரெண்டு விதமா அடி விழுது. ஒண்ணு, உடம்பே சூடானதால அந்தச் சுருள் தமனியால ரத்தத்தை ஆற வைக்க முடியல, வளர்ந்துக்கிட்டு இருந்த விந்தணு வெந்து போகுது. ரெண்டு, உடம்பு கஷ்டத்துல இருக்கும்போது அப்ப சுரக்கிற கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறி எல்.எச்.ஐ அடக்குது, டெஸ்டோஸ்டீரானும் குறையுது. கேடு அன்னைக்கே தெரியாது, காய்ச்சலுக்கு முன்னாடி முதிர்ந்து எபிடிடிமிஸ்ல காத்திருந்த விந்தணு முதல்ல வெளிய வரும், ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தலை இல்லாதது, வால் முறிஞ்சதுன்னு வர ஆரம்பிக்கும்.

காளையில ஒரு விந்தணு ஆரம்பத்துல இருந்து முழுசா உருவாக 61 நாள், அப்புறம் எபிடிடிமிஸ்ல ஏறக்குறைய 10 நாள். ஆக 70 நாளுக்கு அப்புறம்தான் காய்ச்சலே பாக்காத புது விந்தணு வெளிய வரும். செம்மறிக் கிடாவுல உருவாக 47 நாள் பக்கம், ஆண் பன்றியில 39 நாள் பக்கம், அதோட எபிடிடிமிஸ்ல ஒண்ணு ரெண்டு வாரம் சேர்த்துக்கோங்க. இந்த 70 நாளை எந்த ஹார்மோன் ஊசியாலயும் குறைக்க முடியாது, யாராவது முடியும்னு சொன்னா நம்பாதீங்க. நிழல்ல கட்டுங்க, தண்ணி குறையாம பாத்துக்கோங்க, காய்ச்சல் விட்ட தேதியைத் தொழுவத்துச் சுவத்துல சாக்பீஸால எழுதி வைங்க, அதுல இருந்து பத்து வாரம் எண்ணிட்டு டாக்டரைக் கூப்பிட்டு விந்து ஒரு தடவை பாத்துட்டு விடுங்க.